கொங்கு மாணவனின் வேதியியலைத் தில்லி வரையறுப்பதா?

தமிழாசிரியனுக்கு வேதியியற் பாடத்தில் என்ன வேலை என்று கேட்பார் உளர். கேட்கட்டும். செய்யுளும் இலக்கணமும் சொல்லிக் கொடுத்துவிட்டுத் தமிழாசிரியன் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், அறிவியலை அறிவியலார் பார்த்துக்கொள்வர் என்னும் பிரிவினை நம் பள்ளிகளில் நெடுநாளாக வேரூன்றிக் கிடக்கிறது. அப் பிரிவினையால்தான் தமிழ் விழா மேடையில் மாலை சூடி நிற்க, ஆய்வுக்கூடத்தின் கதவு அதற்குச் சாத்தப்பட்டது. ஒரு மொழி எதைப் பேசலாம், எதைப் பேசலாகாது என்று முடிவு செய்கின்றவன், அம் மொழி பேசும் மக்களின் வாழ்வை முடிவு செய்கின்றான். ஒரு பாடத்திட்டத்தில் எது இருக்கும், எது இராது என்று முடிவு செய்கின்றவனும் அதையே செய்கின்றான். ஆகலின் இதில் தமிழாசிரியன் தலையிடுவான்; தலையிடத்தான் வேண்டும்.

1978-இல் தமிழ்நாட்டில் மேனிலைக் கல்வி தொடங்கிற்று. அதுவரை கல்லூரியில் புகுமுக வகுப்பாக இருந்த படிப்பு பள்ளிக்கு இறங்கி வந்தது. பதினாறு, பதினேழு அகவையில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு வேதியியலில் எதைச் சொல்வது, எதை விடுவது என்னும் வினாவும் அன்றே பள்ளிக்கு வந்துவிட்டது. அண்மைக் காலத்தில் அவ் வினாவைப் பெரிய அளவில் ஆராய்ந்தவர்கள், 2017-இல் பேராசிரியர் அனந்தகிருட்டிணன் தலைமையில் அமைந்த கலைத்திட்டக் குழுவினர். அதன் வழியாக 2018-இல் பதினொன்றாம் வகுப்புக்கும் 2019-இல் பன்னிரண்டாம் வகுப்புக்கும் புதிய நூல்கள் வந்தன. வேதியியலுக்கு வகுப்புக்குப் பதினைந்தாக முப்பது பாடங்கள். அவற்றில் குறை உண்டு, பின்னர்ச் சொல்வேன். ஆயினும் முப்பது பாடங்களும் தமிழ்நாட்டார் கூடி ஆராய்ந்து, தமிழ்நாட்டுப் பிள்ளைக்கென்று வைத்தவை.

இனி மறுபுறம் பாருங்கள். 2017 முதல் நம் தலைமேல் ஏறி அமர்ந்திருக்கும் நீட்டுத் தேர்வு என்னும் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு, 2023-இன் இறுதியில் தில்லியில் புதிய பாட வரையறை ஒன்று வெளியிடப்பட்டது. 2024-ஆம் ஆண்டுத் தேர்வு முதல் அதுவே அளவுகோல். நம் முப்பது பாடங்களோடு அதனை ஒப்பிட்டுப் பார்த்தேன். நீரகம் என்னும் ஐதரசன் பற்றிய பாடம் அதில் இல்லை. உப்பும் சுண்ணாம்பும் எதனால் ஆனவை என்று சொல்லும் கார மாழைகள் பற்றிய பாடம் இல்லை. வளிநிலை இல்லை, திடநிலை இல்லை. சுற்றுச்சூழல் வேதியியல் இல்லை. மண்ணிலிருந்து உலோகத்தைப் பிரிக்கும் மாழையியல் இல்லை. பரப்பின்மேல் நிகழும் வினைகளைச் சொல்லும் புறப்பரப்பு வேதியியல் இல்லை. மருந்தும் உணவும் சவர்க்காரமும் நெகிழியும் பேசும் அன்றாட வாழ்வில் வேதியியலும் இல்லை. முப்பதில் எட்டுப் பாடங்கள் போயின.

அரசு நம் நூலிலிருந்து அவற்றை நீக்கிவிடவில்லையே, பிறகென்ன கூச்சல் என்று சிலர் கேட்பர். நூலில் இருப்பது வேறு, வகுப்பில் நடப்பது வேறு என்பதை வகுப்பறையில் நின்றவன் அறிவான். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் நூலின் முதற்பாடமே உலோகவியல். என்னிடம் தமிழ் பயின்று வேறொரு பள்ளிக்குச் சென்ற மாணவன் ஒருவன் தன் நூலை எனக்குக் காட்டினான். முதற்பாடத்தின் தாள்கள் அச்சகத்திலிருந்து வந்த மணம் மாறாமல் இருந்தன. இரண்டாம் பாடத்திலிருந்துதான் அடிக்கோடுகள் தொடங்கியிருந்தன. கேட்டேன். "அது நீட்டில் வராதுங்க ஐயா, பொதுத்தேர்வுக்கு முந்தின வாரம் வினாவிடை கொடுப்பாங்க" என்றான். அவன்மேற் குற்றமில்லை. ஒரு பாடத்தைத் தடை செய்வதற்கு ஆணை வேண்டுவதில்லை. மதிப்பெண்ணை எடுத்துவிட்டாற் போதும், பாடம் தானே செத்துப் போகும்.

இந்த வெட்டு மருத்துவத் தேர்வோடு நிற்கவும் இல்லை. நடுவணரசின் பாடநூல்களிலேயே 2022-க்குப் பின் இவற்றுட் பெரும்பாலானவை வெட்டப்பட்டன. பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளைகளுக்குச் சுமை கூடிவிட்டது, ஆகவே குறைக்கிறோம் என்றார்கள். தொற்றுப் போயிற்று; வெட்டுப் போகவில்லை. உச்சமாக, 2023-இல் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து தனிம வரிசைப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். பதினொன்றாம் வகுப்பில் படித்துக்கொள்ளலாமாம். பத்தோடு நின்றுவிடும் பிள்ளையும், பதினொன்றில் வணிகமோ வரலாறோ எடுக்கும் பிள்ளையும் உலகம் எத்தனை பொருள்களால் ஆனது, அவற்றுக்குள் என்ன உறவு என்று அறியாமலே வாழ்ந்து முடிக்கலாம் என்பது இதன் பொருள்.

எதைப் பாடமாக வைப்பது, எதை முன்வைப்பது, எதைப் பின்வைப்பது என்பதை எழுத்தர் வேலை என்று எண்ணுவோர்க்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். அத் தனிமப் பட்டியல் பிறந்ததே ஒரு பாடநூலால்தான். உருசிய நாட்டுப் பேராசிரியர் மெண்டலீவு தம் மாணவர்க்காக 1868-இல் ஒரு வேதியியல் நூல் எழுதத் தொடங்கினார். முதற்பகுதியில் ஒருசில தனிமங்களையே விரிவாகச் சொல்ல முடிந்தது. அன்று அறியப்பட்டவை 63. எஞ்சியவற்றை எந்த ஒழுங்கில் அடுக்குவது, எதற்குப் பின் எதைச் சொன்னால் மாணவனுக்கு விளங்கும் என்று அவர் தலையை உடைத்துக்கொண்டதன் பயனாக 1869-இல் கிடைத்தது அப் பட்டியல். ஓர் ஆசிரியன் பாடத்தை எப்படி அடுக்குவது என்று நேர்மையாகக் கவலைப்பட்டான். இயற்கையின் ஒழுங்கே அவனுக்குப் புலப்பட்டது. அவன் அடுக்கியதைத்தான் இவர்கள் சுமை என்று இறக்கி வைத்தார்கள்.

வெட்டுண்ட பாடங்களுக்கும் நம் கொங்குநாட்டுக்கும் உள்ள உறவை இனிக் காண்போம். மாழையியலிலிருந்தே தொடங்குகிறேன். ஈரோட்டு மாவட்டத்தில், சென்னிமலை வட்டாரத்தில், நொய்யலாற்றின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்துப் பேசும் கொடுமணம் இதுவே என்று அறிஞர் கொள்வர். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தனர். இரும்பு பிரித்த உலைகளும், எஃகு ஆக்கிய உலையும், சுடுமண் மூசைகளும், குவியல் குவியலாக இரும்புக் கசடும், மணிக்கற்களை இழைத்த பட்டறைகளும், பெயர் பொறித்த பானை ஓடுகளும் வெளிப்பட்டன. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னர் அவ்வூரில் உலையருகே வாழ்ந்த மக்கள் தம் பெயரைத் தம் பானையில் தாமே எழுதத் தெரிந்திருந்தார்கள்.

அந்த உலையில் நடந்தது என்ன? இரும்புக்கல் என்பது இரும்பும் உயிர்வளியும் பிணைந்த பொருள். கரி எரிந்து தோன்றும் வளி அந்த உயிர்வளியைத் தன்பால் இழுத்துக்கொள்ள, இரும்பு தனித்து நிற்கிறது. எந்த வெப்பத்தில் கரி வெல்லும், எந்த மாழையிடம் அது தோற்கும் என்பதை எலிங்காம் வரைபடம் என்னும் கோட்டுப்படம் காட்டும். அது நம் பன்னிரண்டாம் வகுப்பு நூலில் இருக்கிறது. இரும்பைக் கரிப்பொருளோடு மூசையில் இட்டு மூடி நெடுநேரம் காய்ச்சினால் கரி சிறிதளவு இரும்பினுட் புகுந்து எஃகாகிறது. உருக்கு என்னும் நம் சொல்லின் இனமான கன்னடத்து உக்கு என்பதே ஐரோப்பியர் வாயில் உட்சு என்று திரிந்தது என்பர் அறிஞர். பின்னாளில் மின்னியலின் தந்தையாகப் போற்றப்பட்ட பாரடே, 1819-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இந்த உட்சு எஃகை உடைத்தும் உருக்கியும் அதன் கமுக்கத்தைத் தேடினார். 1830-களில் ஈத்து என்னும் வெள்ளையர் சேலத்து இரும்புக்கல்லை நம்பிப் பரங்கிப்பேட்டையில் ஆலை எழுப்பினார். பாரடே வியந்ததும் ஈத்து பணம் போட்டதுமான பொருள் நம்முடையது. அதன் பேரன் அமர்ந்திருக்கும் வகுப்பில் அந்தப் பாடத்துக்கு மதிப்பெண் இல்லையாம்!

பழம்பெருமை போதும், இன்றைய சோற்றுக்கு வா என்பார்க்கு இன்றையதையே காட்டுகிறேன். சேர்வராயன் மலையிலும் கொல்லி மலையிலும் வெட்டிய மண்ணிலிருந்து அலுமினியம் எடுத்த ஆலை மேட்டூரில் 1960-களில் எழுந்து 2008 வரை உருக்கிக்கொண்டிருந்தது. அதே மேட்டூரில் உப்பு நீரில் மின் செலுத்தி எரிசோடாவும் குளோரினும் எடுக்கும் தொழில் 1930-களிலேயே கால்கொண்டது. சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் வெண்கல் வெட்டி உலைச்செங்கல் ஆக்குகிறார்கள். கோவையில் வார்ப்பட ஆலைகள் தெருவுக்குத் தெரு. இரும்பு உருகும்போது கரியும் மணற்சத்தும் எவ்வளவு இருந்தால் வார்ப்பு வெடிக்காது என்பதை நாள்தோறும் ஆய்ந்து பார்க்கும் தொழில் அது. மோட்டாரும் நீரேற்றியும் செய்து நாடெங்கும் அனுப்பும் ஒரு நகரத்தின் பிள்ளைக்கு மாழையியல் வேண்டா என்று சொல்ல, அந் நகரத்தைப் பார்த்தறியாதவனுக்குத்தான் வாய் வரும்.

கொடுமணலைத் தொட்டு ஓடும் அதே நொய்யலில், அதே சென்னிமலை வட்டாரத்தில், ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. 1992-இல் பாசனத்துக்கெனக் கட்டினார்கள். திருப்பூரின் சாயக்கழிவு வந்து தேங்கும் தொட்டியாக அது மாறியது. கீழ்ப்பகுதி உழவர் தம் கிணறும் தென்னையும் கெட்டதென்று வழக்குத் தொடுத்தார்கள். கழிவு ஒரு துளியும் ஆற்றில் விழலாகாது என்று 2006-இல் சென்னை உயர்முறைமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நடைமுறைக்கு வராதது கண்டு, 2011 சனவரியில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரே நாளில் ஊர் நின்றது. பின்னலாடைத் தொழிலை நம்பிப் பிழைக்க வந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். அடுத்தடுத்த திங்கள்களில் அவ்வூர் பட்ட பாட்டை நம் அன்பர்களிற் பலர் கண்ணாற் கண்டிருப்பீர்கள்.

இந்த அழிவின் வேதியியல் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பருத்தி இழை நீரில் நனைந்ததும் அதன் பரப்பில் சிறிது எதிர்மின் ஏறுகிறது. சாயமும் நீரிற் கரைந்தால் எதிர்மின் கொண்டதே. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். ஆகவே பட்டறைக்காரர் உப்பைக் கொட்டுகிறார். சோற்றுப்போ, சோடியம் சல்பேட்டோ, மூட்டை மூட்டையாக. உப்பின் மின்துகள்கள் இடையிற் புகுந்து அந்தத் தள்ளலை மறைக்க, சாயம் இழையின் பரப்பைப் பற்றுகிறது. பிறகு சோடா இட்டால் இழையோடு பிணைந்துவிடுகிறது. சாயம் துணியோடு போகிறது. உப்போ, போட்ட அளவு அப்படியே நீரில் நின்று ஆற்றுக்குப் போகிறது.

தொடக்கக் காலப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் என்ன செய்தன? சுண்ணாம்பும், நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கிடைக்கும் இரும்புச் சல்பேட்டும் இட்டன. நீரில் மிதந்த நுண்துகள் திரண்டு அடியிற் படிந்தது, நிறம் குறைந்தது, பார்த்தவர் மகிழ்ந்தனர். கரைந்த உப்பு திரளுமா? திரளாது. நிறம் போனதைக் கண்டு நீர் தூயதாயிற்று என்று நம்பியதுதான் பெரும்பிழை. உப்பைப் பிரிக்கச் சவ்வின் வழியே நீரை அழுத்திப் பிழிய வேண்டும், எஞ்சியதைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும் என்ற இடத்துக்கு ஊர் வந்து சேருமுன் ஆறு செத்துவிட்டது. சாயம் இழையைப் பற்றுவதும், நுண்துகள் திரள்வதும் புறப்பரப்பு வேதியியல். உப்பு திரளாமல் நிற்பது கரைசல்கள் பற்றிய பாடம். ஆற்றுநீரில் எவ்வளவு உப்பு இருக்கலாம் என்பது சுற்றுச்சூழல் வேதியியல். தில்லியின் கத்திக்குக் கரைசல் ஒன்றே தப்பிற்று. நொய்யற்கரைப் பிள்ளையிடம் மூன்றில் இரண்டைப் பறித்துக்கொண்டு, ஒன்றை வைத்து மருத்துவனாகு என்கிறார்கள்.

மருத்துவனாகப் போகின்றவனுக்கு உலையும் சாயமும் எதற்கு என்னும் வினாவை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. நல்லவர்களும் அதைக் கேட்கிறார்கள். முதலாவது, மேனிலையில் வேதியியல் படிப்போர் எல்லாரும் மருத்துவர் ஆவதில்லை. ஆவோர் மிகச் சிலர். பொறியியலுக்கும், கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கும், துணித்தொழில் நுட்பத்துக்கும், பட்டறைக்கும், கடைக்கும் போகின்றவர்களே மிகுதி. சிலருக்கு வைத்த தேர்வு எல்லாருடைய பாடத்தையும் வெட்டுவது என்ன நயன்மை? அடுத்து, மருத்துவனுக்கே இவை வேண்டும். தருமபுரி, சேலம் பக்கத்தில் நிலத்தடி நீரின் புளோரைடால் பல் பழுப்பேறி எலும்பு வளைந்து வரும் நோயாளியை அவன் காண்பான். எரிசோடாவில் கை வெந்த சாயப்பட்டறைத் தொழிலாளியைக் காண்பான். அந் நீரும் அந்தச் சோடாவும் என்னவென்று படியாமல் அவனுக்கு மருந்து மட்டும் தெரிந்தால் போதுமா?

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள நேரம் எங்கே என்று வேதியியல் ஆசிரியர் கேட்பர். முப்பது பாடம் சுமைதான், அதை மறுக்கவில்லை. வெட்டுவதாயின் வெட்டத் தக்க இடத்தில் வெட்டலாம். கரிம வேதியியலில் ஒரே சேர்மத்தை ஆக்க ஐந்து வழி, ஆறு வழி என்று அடுக்கி, ரோசன்மண்டு, கிளெமன்சன், காபிரியேல், கோல்பே என்று ஆளுக்கொரு பெயர் சூட்டிய வினைகளைப் பிள்ளைகள் பெயரளவில் உருப்போட்டு, தேர்வு முடிந்த மாலையிலேயே மறக்கிறார்கள். அவற்றிற் பாதியை எடுத்தால் பிணைப்பு ஏன் முறிகிறது என்னும் அறிவு கெட்டுவிடாது. வகுப்பு நாள்கள் மிஞ்சும். திடநிலையில் படிகக் கணக்குகளைக் குறைக்கலாம். பாடத்தையே எடுப்பது வேறு. ஆனால் அணுவமைப்பு கடினம், அதைக் குறை என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. கடினமானது தமிழ்ப்பிள்ளைக்கு வேண்டா என்று சொல்லும் இரக்கமும் ஒருவகை இழிவுபடுத்தலே. அணுவமைப்பும் வேதிப்பிணைப்பும் சமநிலையும் அடித்தளம். உலையும் ஆறும் அதன்மேல் எழும் வீடு. வீட்டை இடித்துவிட்டு அடித்தளத்தில் குடியிரு என்பதுதான் இன்றைய நிலை.

நம்மவர்க்கும் ஒரு சொல். பாடத்தில் கொடுமணல் வேண்டும் என்றால், உடனே பழந்தமிழர் அணுவைப் பிளந்தார், வானூர்தி விட்டார் என்று எழுதப் புறப்படும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டுகிறேன்: எழுதாதீர்கள். மூசையும் கசடும் மண்ணிலிருந்து கிடைத்தவை. அவற்றைக் கையிலெடுத்து ஆயலாம், அளக்கலாம், மறுக்கலாம். அதுவே நமக்குப் பெருமை. தில்லியார் தம் பழங்கதைகளை அறிவியல் என்று அவையேற்றும்போது சிரிக்கும் நாம், நம் பங்குக்கு ஒரு கதையைக் கட்டிவிட்டால் சிரிக்கும் உரிமை போய்விடும்.

இனி, மேலே ஒத்திவைத்த குறைக்கு வருவோம். நம் பாடநூல் பாடங்களைக் காத்தது, தமிழைக் காத்ததா? பன்னிரண்டாம் வகுப்பு நூலின் தலைப்புகளிலேயே ஹைட்ராக்சி, கார்பனைல் என்று கிரந்தமும் எழுத்துப்பெயர்ப்பும் வரிசை கட்டி நிற்கின்றன. இரண்டு பெயர் சேர்ந்தால் நடுவே ஒரு 'மற்றும்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. தமிழுக்கு உம்மை என்று ஒன்று உண்டு என்பதைப் பாடநூல் எழுதுவோர்க்கு எவரேனும் நினைவூட்டினால் நலம். சேர்மங்களின் குறியீடுகளை மாற்றச் சொல்லவில்லை. அவை உலகப் பொது. உருசியனும் சீனனும் அவற்றையே எழுதுகிறார்கள். ஆனால் பெயர் அவரவர் மொழியில் இருக்கிறது. செருமானியர் ஐதரசனை நீர்ப்பொருள் என்று பொருள்படத் தம் சொல்லால் அழைக்கிறார்கள். ஆக்சிசனை அவர்கள் புளிப்புப்பொருள் என்பார்கள். புளிப்பெல்லாம் அதனால் உண்டாவது என்று இலவாசியே கொண்ட பிழை அப் பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உயிர்வளி என்னும் நம் சொல்லில் அந்தப் பிழையும் இல்லை. சீனர் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு தனி எழுத்தே வைத்திருக்கிறார்கள். எவனும் அதனாற் பின்தங்கிவிடவில்லை.

கொங்குநாடு இவ் வேலையைச் செய்யாத நாடும் அன்று. 1916-இலேயே சேலத்தில் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குதற்கென ஒரு கழகம் தோன்றிற்று. அதை முன்னின்று அமைத்தவர், இருபது ஆண்டுக்குப் பின் நம் பிள்ளைகள்மேல் இந்தியைத் திணித்த அதே இராசகோபாலாச்சாரியார்தான். அவர் வடசொற் சார்பு நமக்கு உடன்பாடன்று. ஆயினும் வேதியியலைத் தமிழிற் சொல்ல முடியும் என்று திண்ணை இரசாயனம் எழுதிக் காட்டினார் என்பதை மறைத்தல் நேர்மையன்று. திருப்பூரிற் பிறந்த அவினாசிலிங்கனார் கல்வியமைச்சராய் இருந்து தமிழ் வளர்ச்சிக் கழகம் கண்டார். ஈரோட்டுப் பக்கத்துப் பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராய் அமர்ந்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை முடித்தார். கோவையிலிருந்து கலைக்கதிர் அறிவியலைத் தமிழில் திங்கள்தோறும் கொண்டு வந்தது.

நம் எல்லைக்கு அப்பாலும் பாருங்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, 1875-இல் வேதியியல் நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். அதற்குக் கெமிஸ்தம் என்று பெயரிட்டதை மன்னித்துவிடலாம். நூற்றைம்பது ஆண்டுக்குப் பின் நாம் ஹைட்ராக்சி என்று எழுதிக்கொண்டிருக்கையில் அவரைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. 1936-இல் சென்னையில் விபுலானந்த அடிகள் தலைமையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டின் பயனாக, வேதியியல் உட்படப் பல துறைகளுக்குத் தமிழ்ச்சொற்கள் தொகுக்கப்பட்டன. அவற்றை மீண்டும் எடுத்துப் பார்த்தல் ஒன்றே நாம் செய்ய வேண்டுவது. பட்டறைகளிலும் சொற்கள் கிடக்கின்றன. கசடு, உலை, துருத்தி, வார்ப்பு, உருக்கு, வெளுப்பு, சாயமேற்றல், கஞ்சி நீக்கல் என்று தொழிலாளி நாவில் உயிரோடு இருப்பவற்றைப் பாடநூற் குழு ஒருமுறை திருப்பூருக்கும் கணபதிக்கும் வந்து கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும்.

இவ்வளவும் இப்போது சொல்ல நேர்ந்ததற்கு ஒரு கரணியம் உண்டு. நாமக்கல், ஈரோட்டுப் பக்கங்களில் தனியார் பள்ளிகள் பல, பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே, ஈராண்டும் பன்னிரண்டாம் வகுப்பையே உருவேற்றி மதிப்பெண் அறுவடை செய்துவந்தன. அந்த வணிகத்தை அடக்கத்தான் 2018 மார்ச்சு முதல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025 ஆகத்தில் வெளிவந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு அத் தேர்வு நீங்கிற்று. பிள்ளைகளின் நெஞ்சழுத்தம் குறையும் என்கிறார்கள். குறையட்டும், அதில் எனக்கு மகிழ்ச்சியே. தில்லியின் திணிப்பை மறுத்து நமக்கென்று ஒரு கொள்கை வகுத்ததையும் வரவேற்கிறேன். ஆனால் காவல் எடுபட்ட வயலில் ஆடு புகாது என்று எண்ண யான் ஆயத்தமாக இல்லை. வெட்டுண்ட எட்டில் நான்கு பதினொன்றாம் வகுப்பில் இருக்கின்றன: நான்காம், ஐந்தாம், ஆறாம், பதினைந்தாம் பாடங்கள். இனி அவற்றைக் கேட்பாரில்லை.

ஆகவே கொங்குநாட்டுப் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். அரையாண்டு விடுமுறையில் உங்கள் பிள்ளையின் பதினொன்றாம் வகுப்பு வேதியியல் ஏட்டை வாங்கிப் பாருங்கள். உங்களுக்கு வேதியியல் தெரிய வேண்டுவதில்லை. நீரகத்துக்கும் கார மாழைகளுக்கும் வளிநிலைக்கும் எழுதிய பக்கங்கள் அதில் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். பன்னிரண்டில் படிக்கும் பிள்ளையாயின் முதற்பாடத்தையும் பத்தாம் பாடத்தையும் பாருங்கள். எழுதாமல் விட்டிருந்தால், கட்டணச் சீட்டோடு பள்ளிக்குச் சென்று, எந்தப் பாடத்துக்கு இந்தத் தொகை வாங்கினீர்கள் என்று கேளுங்கள். விடை வராவிடின், பள்ளியின் பெயரும் விடுபட்ட பாடத்தின் எண்ணும் எழுதி, மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்க்கு ஒரு மடல் விடுங்கள். படி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.